கப்பலும் கொள்ளைநோயும்



2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆந் திகதி 'எம்.எஸ்.சி. மக்னிஃபிக்கா' என்னும் பெரும் உல்லாசப் பயணக் கப்பலொன்று கொழும்புக்கு வந்தது. அவ்வாண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில் உலகைச் சுற்றிவரவென்று இத்தாலியிலிருந்து புறப்பட்ட கப்பல் அது. அது புறப்பட்ட காலத்திற் கொரோனா என்னும் சொல்லைக் கேள்வியுற்றவர் மிகச் சிலரே. கொழும்பை அது அணுகியபோதோ, நமது பாடசாலைகள் மூடப்பட்டு மூன்று வாரங்களுக்கு மேலாகியிருந்தன; வீதிகளிலே ஊரடங்கு நிலவியது. கப்பலிலிருந்த பயணிகள் கரையிறங்க அனுமதிக்கப்படவில்லை. இருவர் மாத்திரமே இறக்கப்பட்டனர். ஒருவர் அவசர வைத்திய உதவி வேண்டியிருந்த ஜெர்மானிய மூதாட்டி. மற்றவர் அக்கப்பலிலே பணிபுரிந்த இலங்கையர். தம் தாய்நாட்டின் கரையைக் கண்டும் அதிற் கால்வைக்க இயலாது போய்விடுமோ என்றஞ்சி, அவர் அதிகாரிகளிடம் வேண்டுகோள் விடுத்திருந்தார். கடற்படையினர் அவரை இறக்கித் தனிமைப்படுத்தலுக்குக் கொண்டுசென்றனர். கப்பல் தன் வழியே சென்று, இரு வாரங்களின் பின் பிரான்சின் மார்செய் துறைமுகத்தை அடைந்தது.

அக்கப்பலின் பயணிகளிடையே நோய் இருந்ததாக அறியப்படவில்லை. எனினும், வந்த கப்பலை நாடு அச்சத்துடனேயே நோக்கியது. அந்த அச்சம் புதியதன்று. அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அதற்கு உண்டு. அந்த வரலாற்றைப் படிக்குந்தோறும் என் மனத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. நோய் கண்ட கப்பலைப் பற்றிப் பேசும்போது நாம் இரு சாராரையே எண்ணுகிறோம். ஒரு சாரார் கப்பலில் அடைபட்டோர். மறு சாரார் கரையில் அஞ்சி நிற்போர். ஆனால் அடைபட்டோருக்கு உணவு கொண்டு செல்பவர் யார்? அவரை யார் காப்பது? இன்று நாம் அந்தக் கேள்வியைக் கையிற்கொண்டே இவ்வரலாற்றைப் பார்ப்போம்.

ஏட்ரியாற்றிக் கடலின் கிழக்குக் கரையில் இன்று துப்ரோவ்னிக் எனப்படும் நகரம், அந்நாளில் ரகூசா என வழங்கிய வணிகக் குடியரசாக விளங்கியது. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவைச் சூறையாடிய பெருங்கொள்ளைநோய் அதன்பின்னும் மீண்டும் மீண்டும் தலைகாட்டி வந்தது. ரகூசாவின் வாழ்வோ வணிகத்திலே தங்கியிருந்தது. துறைமுகத்தை மூடினால் பசி, திறந்தால் நோய். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்ட பெருமை அந்நகரின் ஆட்சிமன்றத்தைச் சாரும். 1377ஆம் ஆண்டு அது இயற்றிய சட்டத்தின்படி, நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் நகருக்குள் நுழையுமுன், மர்க்கான் என்னும் சிறு தீவிலோ சவ்தாத் என்னும் அயலூரிலோ ஒரு மாதம் தங்கியிருத்தல் வேண்டும்.

அச்சட்டத்திலே இன்னொரு பகுதியும் உண்டு. வரலாற்று நூல்கள் பலவும் அதை விரைந்து கடந்துவிடுகின்றன. தங்கவைக்கப்பட்டோரிடம், அதற்கென நியமிக்கப்பட்டவர் தவிர வேறெவரும் உணவோ பிற பொருளோ கொண்டு செல்லலாகாது. மீறிச் செல்பவர் தாமும் ஒரு மாதம் அங்கேயே தங்கவேண்டும் என்பது அதன் கருத்து. அடைபட்டோர் உண்ணவேண்டும், உணவைக் கொண்டு செல்பவர் வழியாக நோய் திரும்பி வரலாம் என்னும் இரண்டையும் அந்த முதற் சட்டமே உணர்ந்திருந்தது. நோய்க்கிருமி என்பதொன்று உண்டென்பதையே அறியாத காலத்தில் எழுதப்பட்ட சட்டம் இது என்பதை நினைக்கும்போது, அதை ஆக்கியோரின் கூரிய நோக்கு நமக்கு வியப்பளிக்கின்றது.

1423ஆம் ஆண்டிலே வெனிஸ் நகரம், தன் கடற்கழியிலிருந்த தீவொன்றில் நோயாளருக்கென நிலையான மருத்துவ மனையொன்றை அமைத்தது. முப்பது நாள் நாளடைவில் நாற்பதாயிற்று. நாற்பது என்பதற்கு இத்தாலிய மொழியில் வழங்கும் சொல்லிலிருந்தே குவாரண்டைன் என்னும் சொல் பிறந்தது. நோயுள்ள கப்பலை அடையாளங் காட்ட மஞ்சட் கொடி பிற்காலத்தில் வழக்கிற்கு வந்தது. இன்றோ அதே கொடியின் பொருள் மாறிவிட்டது. துறைமுகத்தை அணுகுங் கப்பலொன்று மஞ்சட் கொடியை ஏற்றினால், "எனது கப்பல் நலமாயுள்ளது, கரையுடன் தொடர்புகொள்ள அனுமதி வேண்டுகின்றேன்" என்பதே அதன் பொருள்.

சட்டம் நன்றாக இருந்தாற் போதாது. அதைக் காப்பவர் நேர்மையாயிருத்தல் வேண்டும். இதற்குச் சான்று 1720ஆம் ஆண்டின் மார்செய் நகரம். அவ்வாண்டு மே மாதம் 25ஆந் திகதி 'கிராண்ட் சாந்த் அந்துவான்' என்னும் வணிகக் கப்பல், கீழை மத்தியதரைக் கடற் பகுதியிலிருந்து பட்டும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு அங்கே வந்தது. வரும் வழியிலேயே பயணியும் மாலுமியரும் கப்பலின் வைத்தியரும் இறந்திருந்தனர். ஐயத்திற்குரிய அத்தகைய கப்பலைத் தொலைவிலுள்ள தீவொன்றில் நிறுத்துவதே முறை. ஆனால் அதிலிருந்த சரக்கோ பெருமதிப்புடையது. போக்கேர் என்னும் ஊரிற் கூடவிருந்த பெருஞ்சந்தைக்கு அது போய்ச்சேர வேண்டியிருந்தது. அச்சரக்கிற் பங்குடையோருள் நகரத்தின் முதன்மை ஆட்சியாளரும் ஒருவர். பொதிகள் நகருக்கு அண்மையிலிருந்த தனிமை மனையிலே இறக்கப்பட்டன.

அங்கே முதலில் மடிந்தோருள் பொதிகளைத் தோளிற் சுமந்த கூலியாட்கள் இருந்தனர். சரக்கு அவர்களுடையதன்று, இலாபமும் அவர்களுடையதன்று. அவர்களிடமிருந்து நோய் நகரத்திற் புகுந்தது. ஏறத்தாழ 90,000 மக்கள் வாழ்ந்த நகரத்தில் 40,000க்குக் குறையாதோர் மாண்டனர். அரச கட்டளையின்படி செப்டெம்பர் மாதத்தில் கப்பலுக்குத் தீயிடப்பட்டது. கப்பல் எரிந்தது, ஆனால் அதற்குள் நகரத்திற் பாதி அழிந்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீராவிக் கப்பல்கள் தோன்றின. மாதங்கள் எடுத்த பயணம் நாட்களிலே முடிந்தது. நோயும் அதே வேகத்திற் பயணஞ் செய்தது. 1851ஆம் ஆண்டு பரிசு நகரிலே முதலாவது சர்வதேசச் சுகாதார மாநாடு கூடியது. கப்பல்களை எத்தனை நாள் நிறுத்துவது, எவற்றை நிறுத்துவது என்பனவற்றில் நாடுகள் ஒத்துப்போகவேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்றுள்ள சர்வதேசச் சுகாதார விதிகளின் வேர் அங்கேதான் இருக்கின்றது.

அக்காலக் கப்பல்களிலே மேல்வகுப்பு, கீழ்த்தளம் என இரண்டு உலகங்கள் இருந்தன. 1892ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் வாந்திபேதி பரவியபோது, அங்கிருந்து குடிபெயர்வோரை ஏற்றிய 'மொராவியா' என்னும் கப்பல் ஓகஸ்ட் மாத இறுதியில் நியூயோர்க்கை அடைந்தது. அதன் கீழ்த்தளத்திற் பயணஞ் செய்தோருள் 22 பேர் நடுக்கடலிலேயே இறந்திருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள். உடனே, குடிபெயர்வோரை ஏற்றிவருங் கப்பல்கள் இருபது நாட்கள் நிறுத்திவைக்கப்படும் என்று ஐக்கிய அமெரிக்கா அறிவித்தது.

அடுத்து 'நோர்மானியா' என்னும் கப்பல் வந்தது. அதில் கீழ்த்தள மக்களோடு செல்வம் மிக்க பயணிகளும் இருந்தனர். கீழ்த்தளத்தார் துறைமுகத்துத் தீவுகளில் அடைக்கப்பட்டனர். மேல்வகுப்பாருக்கென்று ஃபயர் ஐலண்ட் என்னும் தீவிலே ஒரு விடுதியையே மாநில அரசு விலைக்கு வாங்கியது. ஆனால் அத்தீவுப் பகுதியில் மீன்பிடித்தும் சிப்பி வாரியும் வாழ்ந்த மக்கள் திரண்டு நின்று, நோய்க் கப்பலின் ஆட்களை இறங்கவிடோம் என்று மறித்தனர். படையினர் அழைக்கப்பட்ட பின்னரே பயணிகள் கரையேறினர். செல்வரும் வறியவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள்; நோய் அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை, நாட்டின் நடைமுறையே பிரித்துப் பார்த்தது.

இத்தகைய வேற்றுமையை நாம் தொலைநாட்டிற் தேடவேண்டியதில்லை. தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த நம் மக்களின் முதுமொழியிலே "மண்டபம் காம்ப்" என்னும் பெயர் இன்றும் ஒலிக்கின்றது. 1914ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கிய பின்னர், கடலைக் கடக்குமுன் தொழிலாளர் மண்டபத்திலமைந்த முகாமிலே தங்கவைக்கப்பட்டனர். இந்திய மண்ணிலே இலங்கை அரசு நடத்திய முகாம் அது. உடலும் உடையும் சோதிக்கப்பட்டு, துணிகள் நீராவியில் அவிக்கப்பட்டு, குறித்த நாட்கள் கழிந்தபின்னரே அவர்கள் கப்பலேறினர். நோய்த்தடை என்பது இன்றியமையாத காப்பே, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தக் காப்பு எவரைக் கருதி அமைந்தது, எவருடைய மானத்தை விலையாகக் கொண்டது என்று கேட்பது வரலாற்றின் கடமையாகும்.

நோய்த்தடையின் தேவையை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிய நிகழ்ச்சி 1918ஆம் ஆண்டிலே பசிபிக் கடலில் நிகழ்ந்தது. இன்புளுவென்சாக் காய்ச்சல் உலகெங்கும் பரவிய காலம் அது. 'தலூன்' என்னும் பயணிகள் கப்பல் ஒக்டோபர் 30ஆந் திகதி நியூசிலாந்தின் ஓக்லாந்திலிருந்து புறப்பட்டு, நவம்பர் 7ஆந் திகதி மேற்குச் சமோவாவின் அப்பியா துறைமுகத்தை அடைந்தது. அந்நாடு அப்போது நியூசிலாந்தின் படைத்துறை ஆட்சியின் கீழிருந்தது. கப்பலில் நோயாளர் இருந்தும் அவர்கள் தடையின்றி இறங்க விடப்பட்டனர். சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். அது அந்நாட்டு மக்களில் ஐந்திலொரு பங்குக்கு மேல். சற்றே கிழக்கில், அமெரிக்கரின் ஆட்சியிலிருந்த சமோவாவிலோ, ஆளுநர் ஜோன் பொயர் துறைமுகத்தை இறுக மூடிவைத்தார். அங்கே இன்புளுவென்சாவினால் ஓர் உயிரேனும் போகவில்லை. ஒரே இனம், ஒரே மொழி, ஒரே கடல்; கப்பலை நிறுத்தியதும் நிறுத்தாததுமே வேற்றுமை. 2002ஆம் ஆண்டிலே நியூசிலாந்துப் பிரதமர் எலன் கிளார்க் அம்மையார், இதற்காகச் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கோரினார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். உல்லாசப் பயணக் கப்பல் என்பது வெறும் ஊர்தியன்று. 'டயமண்ட் பிரின்சஸ்' என்னும் கப்பல் 290 மீற்றர் நீளமுடையது. உணவுச் சாலைகளும் அரங்குகளும் நீராடு குளங்களும் கொண்ட சிற்றூர் என்றே அதனைக் கூறலாம். ஆனால் அது பல நாட்டார் சில நாட்களுக்குக் கூடிப் பிரியும் ஊர். அதன் பயணிகளிற் பலர் முதியோர். அனைவரும் ஒரே மண்டபங்களில் உண்டு, ஒரே கைப்பிடிகளைப் பற்றி, ஒரே காற்றைச் சுவாசிப்போர். வயிற்றுப்போக்கை விளைக்கும் கிருமிகள் இத்தகைய கப்பல்களிலே பரவுவது நெடுநாள் அறிந்த செய்தி. அதற்கெனவே ஐக்கிய அமெரிக்கா 1970ஆம் ஆண்டுகளிலிருந்து கப்பற் சுகாதாரப் பரிசோதனைத் திட்டமொன்றை நடத்தி வந்துள்ளது. எனவே கைகழுவுதலும் உணவுத் தூய்மையும் அக்கப்பல்களுக்குப் புதியனவல்ல. ஆனால் மூச்சின் வழியே பரவும் நோய் வந்தபோது அந்த ஆயத்தம் போதவில்லை.

2020ஆம் ஆண்டு ஜனவரி 20ஆந் திகதி டயமண்ட் பிரின்சஸ் யப்பானின் யொக்கொஹாமாவிலிருந்து புறப்பட்டது. அதிற் சென்ற பயணி ஒருவர் ஐந்து நாட்களின்பின் ஹொங்கொங்கில் இறங்கிவிட்டார். அவருக்குக் கொரோனா என்பது பெப்ரவரி முதலாந் திகதி உறுதியாயிற்று. கப்பல் 3ஆந் திகதி யொக்கொஹாமாவுக்குத் திரும்பியது. யப்பானியச் சுகாதார அதிகாரிகள் ஏறிச் சோதனை செய்தனர். ஆயினும் அடுத்த நாளும் உணவு மண்டபங்கள் திறந்திருந்தன, கேளிக்கைகள் நடந்தன. 5ஆந் திகதி காலையிலேதான், முதற் சோதனையிற் பத்துப் பேருக்கு நோய் கண்டபின், அனைவரும் அறைகளுக்குள் இருக்குமாறு பணிக்கப்பட்டனர். அப்போது கப்பலில் 56 நாடுகளைச் சேர்ந்த 3,711 பேர் இருந்தனர். அவர்களில் 2,666 பேர் பயணிகள், 1,045 பேர் பணியாளர்.

அன்றிலிருந்து கப்பலின் வாழ்வு தலைகீழாயிற்று. விரும்பியதைத் தாமே எடுத்துண்ணும் உணவு மேசைகள் மூடப்பட்டன. அரங்கும் நீராடு குளமும் வெறிச்சோடின. மூன்று வேளை உணவும் அறை வாயிலுக்கு வந்தது. அறையைத் துப்புரவாக்க எவரும் உள்ளே வரவில்லை. சாளரமற்ற உள்ளறைகளில் இருந்தோர் பகலும் இரவும் அறியாது கிடந்தனர். சிறு சிறு குழுக்களாக, சற்று நேரம் மேற்றளத்தில் நடக்க மாத்திரம், முகக்கவசத்துடன் இடைவெளிவிட்டுச் செல்ல அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து தீர்ந்துபோன முதியோர் பலர் தவித்தனர். மருந்து போதவில்லை என்று துணியில் எழுதிப் பல்கனியிலே தொங்கவிட்டாரும் உளர்.

நேயர்களே, இங்கேதான் நாம் தொடக்கத்திற் கேட்ட கேள்வி மீண்டும் வருகின்றது. பயணிகளின் கதவுகள் மூடப்பட்டன. அந்தக் கதவுகள்தோறும் உணவுத் தட்டை ஏந்திச் சென்றவர் யாவர்? கப்பலின் பணியாளர்களே. அவர்களுக்கு மூடிய கதவு இல்லை. ஓரறையிற் பலர் உறங்கினர். பொதுவான குளியலறையைப் பயன்படுத்தினர். ஒரே மண்டபத்திற் கூடி உண்டனர். சமையலும் பரிமாறலும் சலவையும் நிற்கவில்லை. அவை நின்றிருந்தால் தனிமைப்படுத்தலே நடந்திராது. பின்னர் வைத்திய ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கையொன்றின்படி, தொடக்கத்தில் நோய் கண்ட பணியாளர் இருபதின்மரில் பதினைவர் உணவுப் பகுதியிற் பணிசெய்தோர். பதினறுவர் மூன்றாந் தளத்தில் வசித்தோர். உணவுப் பகுதிப் பணியாளர் வசித்தது அத்தளத்திலேயே. பயணிகளுக்குத் தொற்றியதிற் பெரும்பகுதி கதவுகள் மூடப்படுமுன்னரே தொற்றியதென்றும், பணியாளரிடையே அதன்பின்னரும் நோய் பரவியதென்றும் அறிஞர் கண்டனர். நோயுற்றோரிடமிருந்து எங்களையும் பிரித்து வையுங்கள் என்று இந்தியப் பணியாளர் சிலர் காணொளி மூலம் வெளியுலகை மன்றாடினர்.

முடிவிலே 712 பேருக்கு நோய் கண்டது. ஏறத்தாழ ஐவரில் ஒருவர். பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சோதனையின்போது நோய் கண்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எவ்வித அறிகுறியும் இருக்கவில்லை. அறிகுறியற்றவரும் நோயைச் சுமப்பர் என்பதை உலகுக்கு முதலில் உணர்த்திய நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று. பெப்ரவரி 19ஆந் திகதி பயணிகள் இறங்கத் தொடங்கினர். மார்ச் முதலாந் திகதி கடைசிப் பணியாளரும் சென்றபின், கப்பற்றலைவர் இறுதியாக இறங்கினார்.

அதே காலத்தில் 'வெஸ்டர்டாம்' என்னும் கப்பல் துறைமுகம் துறைமுகமாக அலைந்தது. பிலிப்பைன்ஸ், தாய்வான், யப்பான், குவாம், தாய்லாந்து ஆகிய ஐந்தும் அதனை ஏற்க மறுத்தன. கப்பலில் நோய் இருந்ததாக எவரும் நிறுவவில்லை; அச்சமே நிறுவப்பட்டிருந்தது. பெப்ரவரி 13ஆந் திகதி கம்போடியா அதற்கு இடமளித்தது. 'சான்டாம்' என்னும் இன்னொரு கப்பலுக்கோ உண்மையாகவே நோய் வந்தது. மார்ச் 7ஆந் திகதி புவனஸ் அயர்சிலிருந்து புறப்பட்ட அக்கப்பலுக்குத் தென்னமெரிக்கத் துறைமுகங்கள் மூடப்பட்டன. நால்வர் கப்பலிலேயே இறந்தனர். ஏப்ரல் 2ஆந் திகதி புளோரிடாவிலே அதற்குக் கரை கிடைத்தது.

மூடியது மிகையானால் இத்துன்பம். திறந்தது மிகையானால் என்னாகும் என்பதைச் சிட்னி நகரம் அறிந்தது. மார்ச் 19ஆந் திகதி 'ரூபி பிரின்சஸ்' என்னும் கப்பல் அங்கே வந்தபோது, அதிலே காய்ச்சலுற்றோர் இருந்தனர். அவர்களுடைய சோதனை முடிவு வருமுன்னரே ஏறத்தாழ 2,650 பயணிகள் இறங்கி, பேருந்திலும் புகையிரதத்திலும் விமானத்திலும் ஏறித் தத்தம் ஊர்களுக்குச் சென்றுவிட்டனர். அக்கப்பலோடு தொடர்புற்ற 28 மரணங்கள் நிகழ்ந்தன. விசாரணைக் குழு அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அளித்த அறிக்கையில், சுகாதார அதிகாரிகள் பாரதூரமான தவறிழைத்தனர் என்று கூறிற்று. மார்செய் நகரத்தின் கப்பலுக்கும் இதற்குமிடையே மூன்று நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. மார்செயிலே சரக்கின் ஆசை. சிட்னியிலே முடிவு வரும்வரை காத்திராத அவசரம்.

மார்ச் 11ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் இந்நோயை உலகளாவிய கொள்ளைநோயெனக் குறித்தது. மூன்று நாட்களின் பின் ஐக்கிய அமெரிக்கா உல்லாசக் கப்பல்கள் ஓடுவதைத் தடைசெய்தது. உலகெங்கும் அத்தொழில் நின்றது. மீண்டும் அது தொடங்கியபோது கடுமையான விதிகள் வகுக்கப்பட்டன. பயணிகளின் தொகை குறைக்கப்பட்டது. ஏறுமுன் சோதனை, பின்னாளில் தடுப்பூசி, முகக்கவசம், இடைவெளி, நோயாளருக்கென ஒதுக்கிய அறைகள், வெளிக்காற்றைக் கூடுதலாக உட்செலுத்தல் என்பன கட்டாயமாயின. உணவைப் பயணி தம் கையால் அள்ளும் வழக்கம் நின்று, பணியாளரே அள்ளிப் பரிமாறினர். ஆபத்துக்காலப் பயிற்சிக்காக அனைவரையும் ஓரிடத்திற் கூட்டும் பழக்கமும் மாறிற்று. 2020 ஓகஸ்டில் இத்தாலியில் மீண்டும் ஓடத்தொடங்கிய ஒரு கப்பலிலே, கரைச் சுற்றுலாவின்போது வழிகாட்டியின் குழுவை விட்டுத் தனியே சென்ற குடும்பமொன்று மீண்டும் ஏறவிடப்படவில்லை. 2020 நவம்பரிற் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட கப்பல்களோ எந்தத் துறைமுகத்தையும் தொடாது, கடலிற் சுற்றித் திரும்பின. ஐக்கிய அமெரிக்காவில் 2021 ஜூனில் மீண்டும் பயணிகளோடு கப்பல் புறப்பட்டது. 2022 ஜனவரி நடுப்பகுதியில் கட்டாய விதிகள் நீங்கின; 2023 மே 5ஆந் திகதி உலக சுகாதார அவசரநிலை முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது.

பயணிகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சில வாரத் துன்பம். பணியாளருக்கோ பல மாதங்கள். நாடுகள் எல்லைகளை மூடின; விமானங்கள் நின்றன; கப்பலிலிருந்து இறங்கும் பணியாளர் பொது விமானங்களிற் செல்லலாகாது என்று விதி வந்தது. பயணிகள் வீடு சேர்ந்த பின்னும், வெறுங் கப்பல்களிலே பல்லாயிரக்கணக்கானோர் நங்கூரத்தோடு நங்கூரமாய்க் கிடந்தனர். சரக்குக் கப்பல்களையும் சேர்த்து, 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ நான்கு இலட்சம் மாலுமியர் ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப இயலாதிருந்தனர் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. அவ்வாண்டு டிசம்பரில், மாலுமியரை இன்றியமையாப் பணியாளராகக் கருதுமாறு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

என் பாடசாலையிற் படித்த மாணவர் ஒருவர் இத்தகைய கப்பலொன்றிலே அறைப் பணியாளராகக் கடமை பார்த்தவர். ஊருக்கு மீண்டபின் ஒருநாள் என்னைக் காண வந்திருந்தார். "சேர், பயணிகள் எல்லாரும் போன பிறகு எங்களைத் தனித்தனி அறைகளில் விட்டார்கள். முந்தி நான் துடைத்துத் துப்புரவாக்கின அறைகளில் ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. மூன்று வருசம் அந்தக் கப்பலில் வேலை செய்திருக்கிறேன், சாளரத்தால் கடலைப் பார்த்துக்கொண்டு படுத்தது அப்போதுதான்" என்றார். மகிழ்ச்சியாக இருந்ததா என்று கேட்டேன். சற்றுநேரம் பேசாதிருந்தார். "மூன்று வேளையும் ஒருவர் கதவடியில் சாப்பாட்டை வைத்துத் தட்டிவிட்டுப் போவார். கதவைத் திறக்கிறபோது ஆள் போய்விடும். யார் என்று கடைசிவரைக்கும் தெரியாது. நான் அறைகளுக்குக் கொண்டுபோன காலத்தில் என்னையும் அப்படித்தான் ஒருவருக்கும் தெரிந்திராது" என்றார்.

நோய் வருங்காலத்திற் கப்பலை நிறுத்துவது தவறன்று. சமோவாவின் கல்லறைகளே அதற்குச் சாட்சி. நிறுத்திய கப்பலைக் கைவிடுவதே தவறு. கதவை மூடும்போது, கதவுக்கு வெளியே தட்டோடு நிற்பவரையும் கணக்கில் எடுத்து மூடவேண்டும். ரகூசாவின் பெரியோர் தம் முதற் சட்டத்திலேயே அவரைக் குறிப்பிட்டார்கள். ஆனால் அவரால் நகருக்கு வரக்கூடிய தீங்கை எண்ணினரேயன்றி, அவருக்கு வரக்கூடிய தீங்கை எண்ணினரல்லர். அந்தக் குறையை நிரப்புவது பின்வந்த நம்முடைய கடமையாகும். இனியொரு நோய் வராதென்று எவரும் உறுதி கூற இயலாது. வரும் நாளில், மஞ்சட் கொடியோடு ஒரு கப்பல் நம் துறைமுகத்தை நெருங்குமாயின், அதில் எத்தனை பயணிகள் என்று கேட்பதோடு நில்லாது, அவர்களுக்குச் சோறிடுவோர் எத்தனை பேர், அவர்கள் எங்கே உறங்குகின்றனர் என்றும் நாம் கேட்போமாக.